பந்தல் சேர் இறங்கிய பிறகு எழுந்து உட்கார்ந்த அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டும் என்று அக்காவின் மகன் இளங்கோ போனில் கேட்டான். கேட்ட கையோடு, "மாமா, மரியாதையா எழுதுங்க. படிக்கிறவங்க சிரிக்கிற மாதிரி எழுதிடாதீங்க" என்றும் சொன்னான். "சரி மாப்ள" என்றேன். ஆனால் உங்களுக்கே தெரியும், நான் செந்துறை–பெரம்பலூர் பஸ்ஸில் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள கல்யாண மண்டபமே காலியாக் கெடக்கு" என்று பொய் சொல்லியே கூட்டத்தை நகர்த்திப் பழகிய வாய் இது. பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கிண்டல்தான் வரும். அக்காவின் நோய்க்காலம் முழுவதும் நான் பயந்தபடியேதான் இருந்தேன். ஆகவே மரியாதை எங்காவது குறைந்தால், பயந்தாங்கொள்ளி ஒருவன் எழுதியது என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு தெருவில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு நட்டும் கரும்பு வெட்டியும் எங்களை வளர்த்தார்கள். அந்தத் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த முதல் பெண் அக்காதான். செந்துறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். இளங்கோ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்திலேயே அத்தான் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதன்பின் அக்காவுக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அந்தச் சமையல்கூடத்தை அவர் ஆண்டார் என்றே சொல்ல வேண்டும். சாம்பார் கொஞ்சம் நீர்த்திருந்தால் சத்தம் போட மாட்டார். "இதை உன் புள்ளைக்கு ஊத்துவியா?" என்று ஒரே கேள்வி. அடுத்த நாள் சாம்பாரில் கரண்டி நிற்கும். என்னையும் செந்துறைக்கே இழுத்து வந்து, பஸ் வேலையில் சேர்த்துவிட்டு, பக்கத்துத் தெருவிலேயே பெண்ணும் பார்த்துக் கட்டி வைத்தார். "நீ கண்ணுக்கு எட்டுன தூரத்துல இருந்தாத்தான்டா ஒழுங்கா இருப்ப" என்பார்.

நாற்பது வயதைத் தாண்டியதும் அக்காவுக்குச் சர்க்கரை வந்தது. பின்னாலேயே பிரஷரும் வந்தது. சமையல்கூடத்தை ஆண்டதைப் போலவே அவற்றையும் ஆண்டார். நேரத்துக்கு மாத்திரை, அளவுக்குச் சோறு, இனிப்பு அறவே கிடையாது. கல்யாணப் பந்தியில் அவர் இலையில் விழும் லட்டு அப்படியே என் இலைக்கு வந்துவிடும். அவர் இளைத்ததும் என் தொப்பை வளர்ந்ததும் ஒரே பந்தியில்தான். காய்ச்சலோ, திருவிழாவோ, சாவு வீடோ, அக்கா மாத்திரையைத் தவறவிட்டதே இல்லை. அந்த ஒழுங்கே ஒரு நாள் அவரைச் சாகடிக்கப் பார்க்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் மார்பில் கட்டி இருப்பது தெரியவந்தது. சொல்லக் கூச்சப்பட்டு அவரே சில காலம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். முதுகுவலி தாங்காமல் திருச்சிக்குக் கூட்டிப்போனபோது, அது மார்போடு நிற்கவில்லை, முதுகெலும்பு வரை போயிருக்கிறது என்றார்கள். திருச்சி டாக்டர் அம்மா நிதானமாகச் சொன்னார். "முழுசா எடுத்துட முடியாது. ஆனா கட்டுப்படுத்தி வைக்கலாம். நல்லா நடமாடிக்கிட்டே கொஞ்ச காலம் இருக்கலாம்." அதையெல்லாம் என் காது வாங்கவே இல்லை. கடைசியாக அவர் சொன்னதுதான் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. "பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமப் போனாலோ உடனே சொல்லுங்க. சில பேருக்கு மூளைக்கும் போகும்."

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். லால்குடி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"டேய், எனக்கு நெனவு தப்பிடுச்சுன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடக் கூடாது. குழாயைச் சொருகி வச்சுப் பாடாப் படுத்தக் கூடாது. என் வூட்டுல, என் கட்டில்ல விட்டுடணும்."

"ஏங்க்கா இப்பவே அதெல்லாம்?"

"சத்தியம் பண்ணு."

நடுப் பஸ்ஸில் அக்காவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எதிர் சீட்டுப் பெரியவர் ஆசீர்வாதம் நடக்கிறது என்று நினைத்துக் கைகூப்பினார்.

சிகிச்சை தொடங்கியது. அக்கா தம் வழக்கப்படி அதற்கும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டார். திருச்சி மருந்துகளுக்கு ஒரு மஞ்சள் பை. சர்க்கரை, பிரஷர் மருந்துகளுக்கு ஒரு வயர் கூடை. மஞ்சள் பை திருச்சிக்கு மட்டும் போகும். வயர் கூடை அரியலூரில் இருந்த சர்க்கரை டாக்டரிடம் மட்டும் போகும். "அரிசி மூட்டையில பருப்பைக் கொட்டுவியா?" என்று கேட்டு எங்கள் வாயை அடைத்துவிட்டார். சர்க்கரை டாக்டரிடம் புற்றுநோய் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவரு சுகர் டாக்டருடா. அவருக்கு எதுக்கு இது?"

கீமோ ஏற்றும் நாட்களில் வாந்தி வராமலிருக்க ஒரு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அது சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றிவிட்டது. அரியலூர் டாக்டருக்கு இது தெரியாது. "என்னம்மா, ஸ்வீட் சாப்பிட ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஆயுள் முழுவதும் லட்டை எனக்குத் தள்ளிவிட்ட அக்காவுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! வாயே திறக்கவில்லை. டாக்டர் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். அதையும் அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு வாயெல்லாம் புண் வந்து கீமோவைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். ஸ்டீராய்டும் நின்றது. சாப்பாடு இரண்டு கரண்டிக் கஞ்சியோடு நின்றது. சர்க்கரை மாத்திரை மட்டும் நிற்கவில்லை. வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தது. ஆனால் அதற்கான ஸ்ட்ரிப் தீர்ந்துபோய் வாங்காமலேயே விட்டிருந்தோம். வீட்டுக்குள் புலி புகுந்த பிறகு எலிப்பொறி வைப்பார்களா என்ற நினைப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவி செல்வி அக்காவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனவள், போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தாள்.

"ஏங்க, அண்ணி என்னைப் பாத்து முட்டை எண்ணியாச்சான்னு கேக்குறாங்க. எந்த முட்டைன்னா, புள்ளைங்க வரிசையில நிக்குதுங்குறாங்க."

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அக்கா கட்டிலில் கிடந்தார். தலையணை நனையுமளவுக்கு வியர்வை. கை நடுங்கியது. கண் என் மேல் நின்றது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நாக்கு குழறியது.

"மணி அடிச்சாச்சு... உட்கார வை..."

"அக்கா, நான்தான்."

"நீ யாரு? ஹெச்செம் அனுப்புன ஆளா?"

என்னைத் தூக்கி வளர்த்த அக்கா என்னைப் பார்த்து யாரென்று கேட்டார். திருச்சி டாக்டர் அம்மா அடித்த ஆணி மண்டைக்குள் அசைந்தது. மூளைக்குப் போய்விட்டது. அவ்வளவுதான்.

அதன்பிறகு நான் செய்தவை இந்த ஊர் அறிந்தவை. போனை எடுத்தேன். இளங்கோவுக்குப் போட்டேன். அவன் ஓசூரில் கம்பெனியில் இருந்தான். "மாப்ள, அம்மா..." என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் வார்த்தை வராமல் வைத்துவிட்டேன். ஒரு மகனுக்கு அதைவிடக் கொடுமையான போன் யாரும் செய்திருக்க முடியாது. பிறகு பெரம்பலூர், திருமானூர், ஜெயங்கொண்டம் என்று சொந்தக்காரர் ஒருவரையும் விடவில்லை. என் டிரைவருக்கும் போட்டேன். கடைசியில் பந்தல்காரருக்கும் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அன்றைக்கு முகூர்த்த நாள், சேர் கிடைக்காமல் போய்விடுமே என்று ஒரு மூலையில் கண்டக்டர் மூளை வேலை செய்திருக்கிறது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. உடையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் சின்னம்மா, அக்காவைப் பார்க்க முந்திரிப்பருப்போடு வந்து எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். சாவு வீட்டு முறைகளில் அவருக்கு நிகர் அந்த வட்டாரத்தில் இல்லை. வந்ததும் அக்காவின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுன்னு ஆயிடுச்சுடா தம்பி. பாலைக் கொண்டா."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாமா சின்னம்மா?"

"சத்தியம் பண்ணிக் குடுத்தியா, இல்லியா? போற உசிரை லாரியும் பஸ்ஸுமாப் போற ரோட்டுல வச்சு உருட்டுவியா?"

நான் அடங்கிவிட்டேன். உறவுகள் வரிசையாக நின்றன. சின்னம்மா பால் டம்ளரை அக்காவின் வாயருகே கொண்டுபோனபோது செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, முழுங்குற நெனவே இல்ல. ஊத்துனா புரையேறி அதுலயே போயிடுவாங்க."

"அப்ப என்னடி செய்யச் சொல்ற? இழுத்துக்கிட்டுக் கெடக்குதே. ஏதோ ஒரு ஆசை உள்ள நிக்குது. அதான் போக மாட்டேங்குது."

என்ன ஆசை என்று கூட்டத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். மகன் முகம் பார்க்க வேண்டும் என்றார் ஒருவர். மகன் கல்யாணம் என்றார் இன்னொருவர். திருமானூர் மண்ணைக் கரைத்து நாக்கில் வைக்கலாம் என்று ஒரு குரல் வந்தது. சின்னம்மா எல்லாரையும் கையமர்த்தினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இந்தப் பொண்ணு இனிப்பைத் தொட்டு எவ்வளவு காலமாச்சு? ஒரு பாயசம் உண்டா, ஒரு அதிரசம் உண்டா? நாக்குச் செத்துப்போய்க் கெடக்குது. வெல்லத்தைக் கொண்டாங்கடி. போற புள்ள வாய் இனிச்சுப் போகட்டும்."

வெல்லத்தை நசுக்கி, சொட்டுத் தண்ணீரில் குழைத்து, விரலில் தொட்டு அக்காவின் உதட்டுக்குள் தடவினார். மறுபடி தடவினார். பெண்கள் அழத் தொடங்கினார்கள்.  வாசலில் டாடா ஏஸ் ஒன்று வந்து நிற்பதும், பிளாஸ்டிக் சேர்களை ஆட்கள் தடதடவென்று இறக்குவதும் எங்கேயோ நடப்பது போலக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் நாக்கு அசைந்தது. உதட்டை நக்கினார். கண்ணைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்டா சட்டையைத் திருப்பிப் போட்டிருக்க?"

 அக்கா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். வாயைத் தடவிப் பார்த்தார்.

"எவ என் வாயில வெல்லத்தைத் தடவுனவ? எனக்குச் சுகர் இருக்குன்னு தெரியாது?" பிறகு ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். "அந்தச் சேரெல்லாம் எதுக்குடா?"

"கட்சி மீட்டிங்குக்கா" என்றேன்.

"நம்ம வாசல்லயா?"

 கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும் சிரித்தோம். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அக்கா டீ கேட்டார். சர்க்கரை இல்லாத டீதான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். நாங்களும் மடையர்களாக அதையே போட்டுக் கொடுத்தோம். சின்னம்மா என்னைத் தனியாக இழுத்துப்போய்க் காதோடு சொன்னார். "சந்தோசப்படாதடா தம்பி. விளக்கு அணையறதுக்கு முன்னாடி ஒரு தரம் பிரகாசமா எரியும். சேரைத் திருப்பி அனுப்பாத."

அவர் சொன்னபடியே ஆயிற்று. டீ டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் அக்காவுக்கு மறுபடி வியர்த்தது. பேச்சு இழுத்தது. என் பெயரைச் சொல்ல வந்து பாதியில் மறந்தார். கண் செருகியது.

இப்போது யாரும் ஓடவில்லை. எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், வாசலில் சேர் வேறு வசதியாக இருந்தது. அக்காவின் கட்டில் ஓரம் நான் நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் வாய் பேசாமல் நின்றது அப்போதுதான். சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அப்படியே நிற்க வேண்டும். அவர் கேட்டது அதைத்தான்.

செல்வி என் எதிரில் வந்து நின்றாள்.

"வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

"அக்கா வேணாம்னு சொல்லியிருக்காங்கடி. சத்தியம் வாங்கியிருக்காங்க."

"அவங்க சொன்னது கேன்சருக்கு. இது கேன்சர்தான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"டாக்டரம்மாதான் அன்னிக்கே..."

"வெல்லம் வாயில போனதும் எந்திரிச்சு உட்கார்ந்தாங்க. அந்தச் சத்து எறங்குனதும் படுத்துட்டாங்க. வெல்லத்துக்கு எந்திரிக்கிற கேன்சர் எங்கயாவது உண்டா?"

சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். செல்வி திரும்பிப் பார்த்தாள். சின்னம்மா வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்தது அதுவே முதலும் கடைசியும்.

அடுத்த வீட்டு அண்ணன் காரை எடுத்தார். பின் சீட்டில் அக்காவின் தலை செல்வியின் மடியில். மஞ்சள் பையையும் வயர் கூடையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்து போட்டிருந்தாள். வழியெல்லாம் வெல்லக் குழைவை அக்காவின் கன்னத்துக்குள் தடவிக்கொண்டே வந்தாள். செந்துறையிலிருந்து அரியலூர் போகும் ரோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. நான் முன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தள்ளி, பாக்கெட்டிலிருந்த விசிலை எடுத்து ஊதினேன். அரியலூர் வரும்வரை ஊதினேன். பழக்க தோஷம், நடுவில் ஒரு தடவை "ரைட், போலாம் போலாம்" என்றும் கத்தியிருக்கிறேன். லாரிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, வழி விட்டார்கள். பின்னால் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. "மூச்சு இருக்கா?" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். "இருக்கு, நீங்க ஊதுங்க" என்பாள் செல்வி.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்காவின் விரலில் குத்தி மெஷினில் வைத்தார். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். கையில் ஊசி ஏற்றி நேராகக் குளுக்கோஸ் செலுத்தினார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், பாட்டில் முடிவதற்குள் அக்கா கண் திறந்தார். கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். அது தம் வீட்டு மின்விசிறி இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"எவன்டா என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்தது?"

நான் செல்வியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த டாக்டர்தான் அக்காவின் சர்க்கரை டாக்டர். செல்வி மஞ்சள் பையை அவர் மேஜையில் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர் முகம் மாறிப்போனது.

"இவ்வளவு பெரிய வைத்தியம் நடக்குது. என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க சுகர் டாக்டர்தானே சார்" என்றார் அக்கா.

"உடம்பு ஒண்ணுதானேம்மா."

பிறகு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். ஸ்டீராய்டால் ஏறிய சர்க்கரைக்கு அவர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். ஸ்டீராய்டு நின்று, சாப்பாடும் நின்ற பிறகு அந்த மாத்திரை வெறும் வயிற்றில் சர்க்கரையை அடியோடு இறக்கியிருக்கிறது. முதுகுவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்ட வலி மாத்திரையால் கிட்னியும் சோர்ந்திருந்தது. அதனால் சர்க்கரை மாத்திரை உடம்பை விட்டு வெளியேறாமல் தங்கி, எழுந்தவரை மறுபடி மறுபடி கீழே தள்ளியது. "வெல்லத்தோட விட்டிருந்தா சாயங்காலம் தாண்டியிருக்காது. நெனவு இல்லாத நேரத்துல பாலை ஊத்தியிருந்தா அதுக்கும் முன்னாடியே" என்றார். கூட வந்திருந்த சின்னம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. செல்விக்கு அந்த யோசனை வந்ததே அவருடைய வெல்லத்தால்தான்.

மாலையில் இளங்கோ ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தான். வழியெல்லாம் அழுது வீங்கிய முகத்தோடு உள்ளே நுழைந்தவன், அம்மா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தான். என் பக்கம் திரும்பினான். "மாமா, உங்க போனைப் புடுங்கிக் கொள்ளிடத்துல போடணும்." பிறகு என்னைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதான்.

சர்க்கரை மறுபடி இறங்குகிறதா என்று பார்க்க அக்காவை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் அரியலூர் டாக்டர் திருச்சி டாக்டர் அம்மாவிடம் போனில் நெடுநேரம் பேசினார். பேசி முடித்து அக்காவின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சர்க்கரை மாத்திரையைப் பெருமளவு குறைக்கிறோம் என்றார். சாப்பிடாத நாளில் போடவே கூடாது, இனிமேல் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும், இறங்கத்தான் கூடாது என்றார். எழுந்தால் தலை சுற்றுகிறது என்பதால் பிரஷர் மாத்திரையும் பாதியானது. கொழுப்புக்கு என்று நெடுங்காலமாகப் போட்டுவந்த மாத்திரை இனி வேண்டாம் என்றார். முதுகுவலிக்குக் கிட்னியைத் தொடாத வேறு மருந்து எழுதினார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கூடுதலா இருக்கலாமா? இத்தனை வருசம் வாயைக் கட்டுனேனே, அது எதுக்கு சார்?"

டாக்டர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார். "அப்ப இருபது முப்பது வருசத்தை யோசிச்சு மருந்து குடுத்தோம்மா. கண்ணு கெடக் கூடாது, காலு கெடக் கூடாதுன்னு. இப்ப இந்த வாரம், அடுத்த வாரம் நீங்க நல்லா இருக்கணும்னு யோசிச்சுக் குடுக்கறோம்."

 இளங்கோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ஏதாவது ஜோக் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை.

அக்கா தலையை ஆட்டினார். "நேராச் சொன்னீங்க. நல்லது. எனக்கு ஒண்ணு மட்டும் வேணும் சார். தலை தெளிவா இருக்கணும். எந்தம்பியைப் பாத்து நீ யாருன்னு கேட்டேனாம். அந்த மாதிரி நான் போகக் கூடாது."

"அதுக்கு நாங்க பொறுப்பு" என்றார் டாக்டர்.

பந்தல்காரர் சேர்களைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். அதன்பிறகு அக்கா ஒரு போகம் நெல் நட்டு அறுவடையாகும் காலத்தைவிட நீண்ட காலம் எங்களோடு இருந்தார். இனி மருந்தெல்லாம் ஒரே கூடையில்தான். எந்த டாக்டரிடம் போனாலும் கூடையை முதலில் மேஜையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். "இது இன்னும் வேணுமா சார்? எதுக்கு?" என்று ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டிக் கேட்பார். சத்துணவுக் கூடத்தில் வாடிய காயைத் தூக்கிக் காட்டிக் கேட்பவர் அல்லவா. காலை, மாலை செல்வி விரலில் குத்திப் பார்ப்பாள். கீமோவுக்குப் பதில் மாத்திரையாகக் கொடுத்தார்கள். வாய்ப்புண் ஆறியது. கோலைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீடு வரை நடந்து வந்து, என் மகளின் கணக்குப் பாடத்தில் குறை சொல்லிவிட்டுப் போவார். இளங்கோவைக் கூப்பிட்டு, அவன் விரும்பிய ஓசூர்ப் பெண்ணைப் பற்றி அவராகவே கேட்டார். "எந்த ஊரு, எந்த சாதின்னு ஊரு கேக்கும். நான் கேக்கல. சாம்பார் நல்லா வைப்பாளா?" அந்தப் பெண் வந்து பார்த்தாள். வைத்தாள். நீர்த்திருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் தரமும் வாங்கி ஊற்றிக்கொண்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் அக்காவுக்குச் சோர்வு கூடியது. நாள் முழுவதும் தூங்கத் தொடங்கினார். நான் வழக்கம்போல் நடுங்கினேன். ஆனால் இந்தத் தடவை நடுங்கிக்கொண்டே வேலை பார்த்தேன். சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. பிரஷர் பார்த்தோம், பரவாயில்லை. ரத்தம் எடுத்து அனுப்பினோம். அரியலூர் டாக்டர் வீட்டுக்கே வந்தார். கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது, இது மருந்தை மாற்றினால் சரியாகிற கோளாறு இல்லை என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்தால் சில நாட்கள் இழுக்கலாம். முடிவை அக்காவிடமே கேளுங்கள், இப்போது தெளிவாகத்தான் இருக்கிறார் என்றார்.

கேட்டோம். அக்கா கண்ணைத் திறந்து எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"போன தடவை எனக்கே தெரியாமப் போகப் பாத்தேன். இந்தத் தடவை தெரிஞ்சு போறேன். இங்கயே இருக்கேன்."

தம் வீட்டில், தம் கட்டிலில், மகன் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமும் இருக்க, வலியில்லாமல் அக்கா போனார். அதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெயருக்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துத்தான்.

எங்கள் நன்றியைச் சொல்ல வேண்டியவர்கள் பலர். தங்களுக்குள் பேசிக்கொண்டு ஓர் உடம்பை ஓர் உடம்பாகவே பார்த்த இரண்டு டாக்டர்களுக்கும், விரலில் குத்தும்போதெல்லாம் அக்காவிடம் திட்டு வாங்கிய நர்ஸ் தங்கைக்கும், காரை எடுத்த அடுத்த வீட்டு அண்ணனுக்கும், வழிவிட்ட பெயர் தெரியாத லாரிக்காரர்களுக்கும், வெல்லம் எடுத்த எங்கள் சின்னம்மாவுக்கும், என் சத்தியத்தை உடைத்த என் மனைவிக்கும் இந்தக் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

கடைசியாக, முதல் தடவை என் போனை நம்பி ஓடிவந்து, காபி குடித்துவிட்டு ஏமாந்து திரும்பிய சொந்தங்களே, உங்களுக்கு நன்றி. இரண்டாம் தடவையும் நான்தான் உங்களுக்குப் போன் செய்தேன். அழுதுகொண்டே செய்தேன். உங்களில் பாதிப் பேர் "ஐயோ" என்று சொல்வதற்கு முன்னால் "சுகர் பாத்தியா?" என்றுதான் கேட்டீர்கள்.

பார்த்தோம். எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.